கருவிழிக்குள் வரும் இரத்தக் குழாய்: அழைப்பது யார், எப்போது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. கிரைண்டிங் சக்கரத்திலிருந்து கண்ணுக்குத் தெறிக்கும் துணுக்கு அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. தெற்கே செங்குன்றம் வந்தால் அரிசி ஆலைகளில் உமி பறக்கிறது. மேற்கே திருவாலங்காடு, திருத்தணிப் பக்கம் கரும்புத் தோகை கண்ணைக் கீறுகிறது. மாவட்டம் முழுக்க எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் சிமெண்டும் சுண்ணாம்பும் தெறிக்கின்றன. கண் மருத்துவப் பாடநூல் கருவிழிக் காயங்களை எத்தனை வகையாகப் பிரிக்கிறதோ, அநேகமாக அத்தனையும் திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள்ளேயே கிடைக்கும்.

இந்தக் காயங்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். மீதியில்தான் சிக்கல். வெள்ளை விழியின் ஓரத்தோடு நின்றிருக்க வேண்டிய மெல்லிய சிவப்புக் கோடுகள் எல்லை தாண்டிக் கருவிழியின் மேல் ஏறத் தொடங்கும். அவற்றின் சுவரிலிருந்து நீரும் கொழுப்பும் கசியும், படலம் கலங்கும், கடைசியில் கண்ணில் பூ விழும். அதன்பின் கண் தானம் பெற்று வேறு கருவிழி பொருத்தினாலும், அந்தக் குழாய்கள் இருக்கும் கண்ணில் அது நிலைப்பது கடினம். இந்தியாவில் 50 வயதுக்குக் கீழே பார்வையிழப்பவர்களிடம் கருவிழிச் சேதம்தான் முதன்மைக் காரணம் என்று 2015–19 தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. வேலை செய்யும் வயதுக்காரர்களின் நோய் இது.

குழாய்களை யார் அழைக்கிறார்கள், எப்போது அவற்றை வரவிட வேண்டும், எப்போது தடுக்க வேண்டும் என்பது குறித்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வு நடந்திருக்கிறது. அதைத் திரும்பப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஆய்வாளர்கள் வெகுகாலம் குழாயையே உற்றுப் பார்த்தார்கள். அதை அழைத்துவரும் நோயெதிர்ப்புச் செல்கள் பிந்தித்தான் கண்ணில் பட்டன. அந்தச் செல்களிலும் நல்லவை, கெட்டவை என்று பிரிக்க முடியாது. முதல் நாளில் காயத்தை ஆற்றும் செல்லே பத்தாம் நாளில் கேடு செய்கிறது. ஆகவே எந்த மருந்து என்பதைவிட எந்த நாளில் என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில், கருவிழி ஏன் தெளிவாக இருக்கிறது? மருத்துவர்கள் கார்னியா என்று சொல்லும் இந்தப் படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் இழைகளாலான நடுப்படலம். பொதட்டூர்ப்பேட்டைத் தறியில் பாவு ஓட்டியதுபோல அந்த இழைகள் சம இடைவெளியில் கிடப்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. ஓர் இரத்தக் குழாய் புகுந்தாலும் அந்த ஒழுங்கு குலையும். அதனால் கருவிழி இரத்தமில்லாமல் வாழப் பழகியிருக்கிறது. ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, சர்க்கரையைக் கண்ணுக்குள் இருக்கும் முன்னறைத் திரவத்திலிருந்து பெறுகிறது.

இரத்தம் இல்லாமல் வாழ்வது ஒரு பக்கம். பக்கத்திலேயே, வெள்ளை விழியின் விளிம்பான லிம்பஸில், இரத்தக் குழாய்கள் வளையமாக நிற்கும்போது அவை உள்ளே வராமல் இருப்பது எப்படி? குழாய் வளர்ச்சியைத் தூண்டும் முக்கியப் புரதம் வி.இ.ஜி.எஃப். அது ஆரோக்கியமான கருவிழியிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு பொறிப் புரதத்தையும் கருவிழி தயாரிக்கிறது. வி.இ.ஜி.எஃப். வந்து ஒட்ட வேண்டிய ஏற்பி, செல்லோடு பிணையாமல் கரைந்த வடிவில் மிதக்கும் வகை அது. 2006இல் ஜெயகிருஷ்ண அம்பாட்டி குழுவினர் இதை நேச்சர் இதழில் காட்டினார்கள். எலியின் கருவிழியில் அந்தப் பொறியை அகற்றியதும் காயமே இல்லாமல் குழாய்கள் புகுந்தன. அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மேனட்டி என்ற அமெரிக்கக் கடற்பசுவின் கருவிழியில் பிறவியிலேயே இரத்தக் குழாய் உண்டு. அதன் கருவிழியில் இந்தப் பொறிப் புரதம் இல்லை. அதன் உறவு விலங்கான ஆவுளியாவின் கருவிழியிலோ பொறியும் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. நம் பாக் நீரிணையில் மேயும் அதே ஆவுளியாதான்.

இதே காலத்தில் குழாய்களைத் தடுக்கும் வேறு ஏற்பாடுகளும் வெளிவந்தன. கருவிழியின் மேலடுக்குச் செல்கள் நிணநீர்க் குழாயின் தூண்டு புரதங்களை உறிஞ்சும் ஏற்பியைத் தாங்கி நிற்கின்றன என்று கர்சீஃபன் குழு 2006இலேயே சொன்னது. ஆகக் கருவிழியின் தெளிவு சும்மா அமைந்ததல்ல. அதை நிலைநிறுத்த ஒவ்வொரு நாளும் புரதங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. காயம் அந்த ஏற்பாட்டைத்தான் கவிழ்க்கிறது.

கருவிழியில் குழாய் வளர்ச்சியைப் பற்றிய பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவற்றில் பல கருவிழிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1971இல் ஜூடா ஃபோக்மன், கட்டி வளர இரத்தக் குழாய் வேண்டும், குழாயைத் தடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்றார். அதைச் சோதிக்கக் குழாயே இல்லாத இடம் தேவைப்பட்டது. முயலின் கருவிழியில் சிறு பை போல வெட்டி உள்ளே கட்டித் துணுக்கை வைத்தால், லிம்பஸிலிருந்து குழாய்கள் அதை நோக்கி ஓடிவருவதை நேரடியாகப் பார்க்கலாம். 1974க்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவிய சோதனை முறை ஆயிற்று. புற்றுநோய் ஆய்வுக்கு இதனால் பெரும் லாபம். கருவிழி நோயாளிக்குக் கிடைத்தது குறைவு. நோயெதிர்ப்புச் செல்கள் அந்தச் சோதனையில் ஒதுக்கித் தள்ள வேண்டிய குழப்பமாகவே பார்க்கப்பட்டன.

காயம் பட்ட கருவிழியில் செல்கள் வரும் வரிசையை இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். எலியின் மேலடுக்கைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், உடைந்த செல்களிலிருந்து வெளியாகும் இன்டர்லூகின்-1 போன்ற சமிக்ஞைகளால் லிம்பஸ் குழாய்கள் விரிகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வெளியேறிக் கருவிழிக்குள் நுழைகின்றன. அவை இரண்டு அலையாக வருகின்றன என்றும், இரண்டு அலைகளுக்கும் குழாய்ச் சுவரில் ஒட்டும் மூலக்கூறுகள் வேறுவேறு என்றும் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் லீ, பர்ன்ஸ், ஸ்மித் மூவரும் 2006இல் எழுதினார்கள். அவர்கள் தொடர்ந்து செய்த ஆய்வுகளில் லிம்பஸ் பக்கம் எப்போதும் குடியிருக்கும் காமா டெல்டா டி செல்களும் சேர்ந்துகொண்டன. இவை இன்டர்லூகின்-17ஐச் சுரந்து நியூட்ரோஃபில்களையும் பிளேட்லெட்டுகளையும் வரவழைக்கின்றன. இவற்றில் எதைத் தடுத்தாலும் மேலடுக்கு மூடுவது தாமதமாகிறது. கண் சிவந்ததும் சிவப்பை அடக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு.

அதே நியூட்ரோஃபில்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது தன் உறைகளுக்குள் வி.இ.ஜி.எஃப்.பை முன்கூட்டியே தயாரித்துச் சுமந்து வருகிறது. புதிதாகத் தயாரிக்கக் காத்திருக்காமல் வந்த இடத்தில் கொட்டிவிடுகிறது. 2010இல் கோங், கோ இருவரும் கருவிழி மாதிரியில் இதைக் காட்டினார்கள். ஒரு நாள் இருந்துவிட்டுப் போகும் நியூட்ரோஃபில் காயத்தை ஆற்றும். உமியில் ஒட்டியிருந்த பூஞ்சையோ கழுவப்படாத சுண்ணாம்புத் துகளோ அதைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தால், அதன் என்சைம்கள் கொலாஜனையே கரைக்கத் தொடங்கும்.

நியூட்ரோஃபில்லுக்குப் பின்னால் வருவது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல். இந்தக் கதையின் நடுநாயகம் அதுதான் என்று நான் கருதுகிறேன். 2004இல் கர்சீஃபன், ஸ்ட்ரைலைன் முதலானோர் எலிகளின் கருவிழியில் தையல் போட்டு அழற்சியை உண்டாக்கினார்கள். வி.இ.ஜி.எஃப்.-ஏ மேக்ரோஃபேஜ்களை ஈர்க்கிறது. வந்த மேக்ரோஃபேஜ்கள் அதே குடும்பத்தின் சி, டி வகைகளைச் சுரந்து நிணநீர்க் குழாய்களையும் இழுக்கின்றன. மேலும் செல்கள் வருகின்றன, சுற்று பெருகுகிறது. குளோட்ரோனேட் என்ற மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்துச் செலுத்தி மேக்ரோஃபேஜ்களை ஒழித்தபோது இரண்டு வகைக் குழாய்களும் குறைந்தன. மறு ஆண்டு மருயாமா குழு ஒரு படி மேலே போய், மேக்ரோஃபேஜ்களே உருமாறி நிணநீர்க் குழாய்ச் சுவரின் பகுதியாகின்றன என்றது. அவ்வளவு தூரம் போக எல்லோரும் தயாராக இல்லை, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் குழாயை வரவழைப்பதில் மேக்ரோஃபேஜுக்குத் தலைமைப் பங்கு உண்டு என்பதில் இன்று கருத்து வேற்றுமை குறைவு.

அப்படியானால் மேக்ரோஃபேஜ்களை ஒழித்துவிடலாமா? 2017இல் சீனத்தின் குவாங்சோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்த ஆசைக்கு அணை போட்டது. கருவிழியில் இரண்டு வகை மேக்ரோஃபேஜ்கள் உண்டு. சிசிஆர்2 என்ற ஏற்பி உள்ளவை இரத்தத்திலிருந்து வருபவை. அது இல்லாதவை கருப்பருவத்திலிருந்தே கருவிழியில் குடியிருப்பவை. முதல் வகையை நீக்கினால் தொடக்க அழற்சி தணிகிறது. இரண்டாவதை நீக்கினால் அழற்சி நீடிக்கிறது. எலியின் சுரண்டல் காயத்தில் இரண்டில் எது குறைந்தாலும் மேலடுக்கு ஆறுவது பிந்துகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவை அனைத்தும் எலியின் கண்கள். மனிதக் கருவிழிக்குள் உயிரோடு இருக்கும் செல்களைப் பார்க்க முக்கிய வழி கன்ஃபோகல் நுண்ணோக்கி. அதில் தெரியும் பளபளப்பான செல்களைப் பல ஆண்டுகளாக டென்ட்ரைட்டிக் செல்கள் என்றே எண்ணிவந்தார்கள். கிளை நீண்டவை முதிர்ந்தவை, கிளையில்லாதவை முதிராதவை என்பது கணக்கு. மெல்போர்னைச் சேர்ந்த லாரா டவ்னி, ஹோலி சின்னரி முதலானோர் 2023இல் ஒரே இடத்தை நிமிடக்கணக்கில் தொடர்ந்து படம் பிடித்தபோது, கிளையில்லாச் செல்களில் பல ஓடித் திரியும் டி செல்கள் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதே நகரத்தின் ஸ்காட் முல்லர் ஆய்வகம் கருவிழியில் நிலைத்துத் தங்கும் நினைவு டி செல்கள் உண்டு என்று காட்டியிருந்தது. முன்பு எண்ணி வைத்த டென்ட்ரைட்டிக் செல் கணக்குகளில் எத்தனை டி செல்கள் கலந்திருக்கின்றன என்று இப்போது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரத்தக் குழாயை மட்டும் பார்த்ததால் நேர்ந்த பெரிய பிசகு நிணநீர்க் குழாயைப் பார்க்காமல் விட்டது. நிணநீர் நிறமில்லாதது. மருத்துவர் ஸ்லிட் லாம்பில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தக் குழாய் தெரியாது. 1999இல் லைவ்-1 என்ற அடையாளப் புரதம் கண்டறியப்பட்ட பின்புதான் ஆய்வாளர்களால் அதைச் சாயமேற்றிப் பார்க்க முடிந்தது. பார்த்ததும் பல பழைய முடிவுகள் புரண்டன. கருவிழி ஒட்டு நிராகரிக்கப்படுவதற்கு இரத்தக் குழாயே காரணம் என்று 1948இல் பீட்டர் மெடவாரின் முயல் ஆய்வுகள் தொடங்கி நம்பப்பட்டுவந்தது. கண்ணின் முன்னறையில் வைத்த அந்நியத் தோல், இரத்தக் குழாய் எட்டாதவரை பிழைத்திருந்ததை அவர் பார்த்தார். ஆனால் நிராகரிப்பு நடக்க இரண்டு வழி வேண்டும். ஒட்டின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு டென்ட்ரைட்டிக் செல்கள் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகும் வழி ஒன்று, அங்கே பயிற்சி பெற்ற டி செல்கள் திரும்பி வரும் வழி மற்றொன்று. முதலாவது நிணநீர்க் குழாய், இரண்டாவது இரத்தக் குழாய். 2001இல் யமகாமியும் ரெசா டானாவும் எலிகளின் கழுத்துக் கணுக்களை அகற்றியபோது ஒட்டுகள் நிலைத்தன. 2010இல் டீட்ரிச் குழு, இரத்தக் குழாய் இருந்து நிணநீர்க் குழாய் மட்டும் இல்லாத எலிக் கருவிழிகளில் ஒட்டைப் பொருத்தியது. குழாயே இல்லாத கண்களில் எப்படி நிலைத்ததோ ஏறத்தாழ அப்படியே நிலைத்தது.

இதோடு இன்னொரு சேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிறு அழற்சி தணிந்ததும் நிணநீர்க் குழாய்கள் முதலில் மறைகின்றன. இரத்தக் குழாய்கள் மெதுவாகச் சுருங்கினாலும் முற்றாகப் போவதில்லை, இரத்தம் ஓடாத வெறுங்கூடுகளாக நிற்கின்றன. அடுத்த காயத்தில் அவை மறுபடி விரைவில் நிரம்பும். நிணநீர்க் குழாய்க்கும் இப்படி ஒரு நினைவு உண்டு, இரண்டாம் அழற்சியில் அவை முதல் முறையைவிட வேகமாக வளர்கின்றன என்று 2013இல் கெல்லி, டெம்பெரோ முதலானோர் காட்டினார்கள். கிரைண்டிங் வேலையில் ஆண்டுக்கு ஆண்டு கண்ணில் துணுக்கு வாங்குகிறவருக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு வேறில்லை. ஆனால் அது தொழிலாளியின் கண்ணில் செய்யப்பட்டதல்ல.

இவ்வளவு படித்தபின் குழாயை எதிரியாக நினைப்பது இயல்பு. ஆனால் புண்ணைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் அப்படி நினைப்பதில்லை. ஆழமான புண்ணின் ஓரத்துக்குக் குழாய் வந்து சேர்ந்தால், இனி ஓட்டை விழாது என்று அவர்கள் சற்று மூச்சு விடுவார்கள். 1980இல் கான், பெர்மன், கென்யன், லாங்கர் முதலானோர் முயல் கண்ணில் இதை நிரூபித்தார்கள்: குழாய் புகுந்த கருவிழி உருகவில்லை, குழாய் தடுக்கப்பட்ட கருவிழி உருகியது. தெளிவு போனாலும் கண் தப்பியது. அந்தக் கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்படாமல் போனது எனக்கு வியப்பு. குழாய் தடுப்பு மருந்துகளின் உற்சாகத்தில் அது அமுங்கிப்போயிற்று போலும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதல்ல. 1990களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்கு ஆண்டுதோறும் கருவிழிப் புண் வருவதாக அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அந்த எண் 11. மூன்று மாதங்களில் மதுரைக்கு வந்த 434 நோயாளிகளில் 284 பேருக்குப் புண்ணுக்கு முன் கருவிழியில் காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்தவற்றில் பாதிக்குக் கிட்டப் பூஞ்சை, பாதிக்குக் கிட்டப் பாக்டீரியா. மேலை நாட்டு எலி ஆய்வுகளில் பெரும்பாலும் கிருமியே இல்லாத காயம்தான் இருக்கிறது. செங்குன்றத்து உமி அப்படிக் கிருமியில்லாமல் வருவதில்லை.

கிருமி இருக்கும் கண்ணில் நோயெதிர்ப்புச் செல்களை அடக்கலாமா என்பதைச் சோதித்தது 2012இல் முடிவு வெளியான ஸ்கட் ஆய்வு. பாக்டீரியாப் புண் உள்ள 500 பேர், பெரும்பாலோர் அரவிந்த் நோயாளிகள். ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தால் மூன்று மாதத்தில் பார்வை மேம்படுமா என்பது கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. மிக மோசமான புண்களில் சிறிது பலன் தெரிந்தது, நோக்கார்டியா கிருமியில் கேடு. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு போடுவது தீயை ஊதிவிடுவதற்குச் சமம் என்பது தனியாகச் சோதிக்காமலே தெரிந்த விஷயம். மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்கண்ணே" என்று கேட்டால் கையில் கிடைப்பதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு வரும் மோசமான கண்களின் கதை பலமுறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு மாற்று மலிவானது. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழிக் கீறல் பட்டவர்களுக்கு ஊர்ப் பணியாளர்கள் குளோரம்ஃபெனிகால் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு பெற்றவர்களில் யாருக்கும் புண் வரவில்லை என்று 2001இல் எழுதினார்கள். 2006இல் மதுரை சீனிவாசன் குழு பூஞ்சை அதிகமுள்ள தென் தமிழகத்திலும் இதே வழியைச் சோதித்துப் பயன் கண்டது. கிருமி நுழையாத காயத்தில் நியூட்ரோஃபில் இரண்டு அலையோடு திரும்பிப் போகிறது. குழாயைப் பற்றிப் பேசவே தேவையிருக்காது.

சுண்ணாம்பு, சிமெண்ட், காஸ்டிக் சோடா, அம்மோனியா வேறு ரகம். அமிலம் புரதத்தைத் திரளவைத்துத் தனக்குத்தானே தடை போட்டுக்கொள்ளும். காரம் செல்லின் கொழுப்புச் சுவரைச் சோப்பாக்கிக் கொண்டே உள்ளே இறங்கும், அம்மோனியா நொடிகளில் முன்னறையை எட்டிவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். காற்றில் கலந்த வாயு என்பதால் பெரும்பாலோர் கண்கள் தப்பின. திரவமாகத் தெறித்திருந்தால் கதை வேறு.

உலகில் வெற்றி பெற்ற முதல் முழுத்தடிமன் கருவிழி மாற்றுச் சிகிச்சை சுண்ணாம்பில் தொடங்கியது. 1905 டிசம்பரில் ஓலோமோட்ஸ் நகரத்தில் எட்வர்ட் சிர்ம் அறுவை செய்த அலாய்ஸ் க்ளோகர் சுண்ணாம்பு தெறித்துக் கண்ணிழந்த கூலித் தொழிலாளி. இரண்டு கண்களில் ஒன்றில் ஒட்டு தெளிவாக நின்றது. சென்னையில் 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கியும், 1948இல் ஆர்.இ.எஸ். முத்தையாவின் கருவிழி மாற்று அறுவையும் வந்தன. ஆனால் க்ளோகரின் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் இல்லை. காரம் லிம்பஸை எரித்துவிட்டால் அங்கிருக்கும் ஸ்டெம் செல்கள் போய்விடும், மேலடுக்கைப் புதுப்பிக்க ஆளில்லை. வெள்ளை விழியின் தோல் குழாய்களோடு கருவிழியின் மேல் படர்ந்துவிடும். அதனால்தான் ஹர்மிந்தர் துவா 2001இல் தந்த எரிபுண் தரப்பிரிவு, லிம்பஸ் வளையத்தைக் கடிகார முகப்பாகக் கொண்டால் எத்தனை மணி அளவுக்கு வெந்திருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கிறது.

இங்கே செல்களின் நாட்காட்டி மிகத் தெளிவு. முதல் அரை மணியில் வேண்டியது குழாய்த் தண்ணீர். அருகில் எது இருக்கிறதோ அதைக் கொண்டு, இமையைப் புரட்டி ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை எடுத்து, கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று வண்டி தேடினால் வழியிலேயே லிம்பஸ் போய்விடும். முதல் பத்து நாளில் ஸ்டீராய்டு நல்லது, படையெடுக்கும் செல்களை அடக்குகிறது. அதற்குப் பிறகும் மேலடுக்கு மூடாவிட்டால் அதே ஸ்டீராய்டு புதிய கொலாஜன் உருவாவதைத் தடுத்துக் கருவிழியை உருக வைக்கும். பனிக்குடப் படலத்தை ஒட்டினால் அழற்சி தணியும் என்ற நம்பிக்கையைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் 100 பேரில் சோதித்தார்கள். மிதமான புண்களில் மேலடுக்கு விரைவாக மூடியது. கடைசிப் பார்வையில் லாபம் தெரியவில்லை.

ஒரு கண் மட்டும் வெந்தவர்களுக்கு உண்மையான திருப்பம் ஹைதராபாத்தில் வந்தது. எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் விரேந்தர் சங்வான் 2012இல் வெளியிட்ட ஸ்லெட் முறை. நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் துண்டை எடுத்துச் சிறு சிறு துணுக்குகளாக்கிப் பனிக்குடப் படலத்தின் மேல் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் செல்லை வளர்க்கும் பெரும் செலவு இல்லை. 125 பேரில் 76 விழுக்காட்டினருக்கு அது நிலைத்ததாக 2016இல் எழுதினார்கள். இரண்டு கண்ணும் வெந்தவருக்கு இந்த வழி அடைபட்டது. சென்னை சங்கர நேத்ராலயாவில் நோயாளியின் சொந்தப் பல்லையே சட்டமாக்கிச் செயற்கைக் கருவிழி பொருத்தும் நீண்ட அறுவைதான் அவர்களில் சிலருக்குக் கடைசி வழி. குழாயும் செல்லும் தடுக்க முடியாத அளவுக்கு வந்துவிட்ட கண்ணில், அவற்றோடு சண்டை போடாமல் ஒதுங்கி நடக்கும் சிகிச்சை அது.

குழாயை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் எதிர்பார்த்த அளவுக்கு அவை தரவில்லை. வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவாசிஸுமாப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கண்ணுக்குள் விலை மலிவாகப் பயன்படுவதால் கருவிழிக்கும் வந்தது. புதிய குழாய்களைச் சுருக்குகிறது. பழையவற்றின் சுவரைப் பெரிசைட் என்ற செல்கள் வந்து கட்டியபின் வி.இ.ஜி.எஃப். இல்லாமலே அவை நிற்கும். மனிதக் கருவிழியில் இரண்டு வாரத்துக்குள்ளேயே பெரும்பாலான குழாய்கள் அப்படிப் போர்த்தப்பட்டுவிடுவதை 2003இல் பார்த்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து நோயாளி மூன்றாம் வாரம் வந்தால் மருந்துக்கு வேலை பாதிதான். முதிர்ந்த குழாயை ஊசியால் சுட்டு அடைக்கும் முறை பழையது, அது புதிய அழற்சியைத் தூண்டவும் செய்யும். ரிபோஃபிளேவினும் புற ஊதா ஒளியும் கொண்டு செய்யும் குறுக்கிணைப்பு, கூம்புக் கருவிழிக்காக வந்த முறை. இரத்த, நிணநீர்க் குழாய்கள் இரண்டையும் அது பின்வாங்க வைப்பதை ஜெர்மனியின் கொலோன் குழு 2018இல் எலியில் காட்டியது. மாற்றுச் சிகிச்சைக்கு முன் கண்ணைத் தயார்படுத்த இதுதான் இப்போதைக்கு நம்பிக்கையூட்டும் வழி என்பது என் கணிப்பு.

சட்டம் இந்த ஆய்வுகளை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 35ஆம் பிரிவில் தெறிக்கும் துணுக்குக்கும் கண்கூசும் ஒளிக்கும் கண்ணாடியோ திரையோ தரவேண்டும் என்றது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை ஒரு கண்ணின் முழுப் பார்வை போனால் 30 விழுக்காடு, பகுதிப் பார்வை போனால் 10 விழுக்காடு உழைப்புத் திறன் இழப்பு என்று கணக்கு வைத்தது. மதிப்பீட்டு நாளில் எழுத்துப் பலகையை எவ்வளவு படிக்கிறார் என்பதே அளவுகோல். அன்று 6/9 படித்தவரின் கருவிழியில் இரண்டு கால்பகுதியிலோ அதற்கு மேலோ குழாய் ஏறியிருந்தால், அமெரிக்காவின் கூட்டுக் கருவிழி மாற்று ஆய்வு 1992இல் வகுத்தபடி அவர் அபாயம் மிகுந்த நோயாளி. பின்னாளில் கலக்கம் வந்து ஒட்டு தேவைப்பட்டால் அது நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

ஆய்விலும் பெரிய இடைவெளி இங்கேதான். காஸ்டிக் சோடா ஊற்றிய எலியைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். தையல் போட்ட எலியைப் பற்றி அதைவிட அதிகம். மாதம் ஒருமுறை இரும்புத் துணுக்கு விழுந்து, சக தொழிலாளி துணி முனையால் எடுத்துவிட்டு, துருவின் வளையம் சில நாள் தங்கி, மறுபடி துணுக்கு விழும் மனிதக் கருவிழியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வெறுங்கூடுக் குழாய்களும் நினைவு டி செல்களும் அங்கே சேர்கின்றனவா என்பதைப் பார்க்க எலி தேவையில்லை. கன்ஃபோகல் நுண்ணோக்கி சென்னையின் பெரிய கண் மருத்துவமனைகளில் இருக்கிறது. அரவிந்த் மருத்துவமனையே இப்போது பூந்தமல்லியை ஒட்டி நூம்பலில் நிற்கிறது. சிப்காட்டில் பத்தாண்டு கிரைண்டிங் பார்த்த சிலரையும், அதே வயதில் அதே ஆலையின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலரையும் வரவழைத்து, லிம்பஸை ஒட்டிய நான்கு இடங்களில் செல்களை எண்ண வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே இடங்களில் மறுபடி எண்ண வேண்டும். ஆலையின் விபத்துப் பதிவேட்டில் கண் காயத்துக்குத் தேதி போட்டு எழுதும் பழக்கமும் கூடவே வந்தால், எந்தக் கண்ணில் எத்தனையாம் காயத்துக்குப் பிறகு கோடு ஏறத் தொடங்கியது என்பதைச் சொல்ல முடியும்.